பருத்திக்கொட்டையின் மஞ்சள்

அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. விரல்கள்தான் வருகின்றன. வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நகக்கண்களிலும் ஒரு மஞ்சள் ஏறியிருக்கும். சமையல் மஞ்சளின் கனிந்த நிறம் அல்ல அது. எலுமிச்சைத் தோலும் பித்தளையும் கலந்தாற்போல் வெளிறிய, கொஞ்சம் நோய்பிடித்த மஞ்சள். புளி போட்டுத் தேய்த்தாலும் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் குத்தவைத்து, அந்த மூன்று விரல்களையும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். ஏன் இத்தனை தடவை என்று ஒரு நாள் கேட்டேன். "அது வயித்துக்குள்ள போகக் கூடாத சாமான், பாப்பா" என்றார்.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு எங்களுடையது. மழை வந்தால் பருத்தியும் சோளமும் வரும். பொய்த்தால் ஆடு மேயக்கூட எதுவும் இருக்காது. அந்தக் காட்டிலிருந்து கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்து முடித்த முதல் ஆள் அண்ணன்தான். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலை ஒன்றில் அவருக்குக் கெமிஸ்ட் வேலை கிடைத்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன் என்னையும் டவுனுக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பயிற்சி முடித்து நான் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சராகச் சேர்ந்தேன். அண்ணன், மதினி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மா மட்டும் காட்டை விட்டு வர மாட்டேன் என்று ஊரிலேயே இருந்தாள். மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மூட்டைச் சோளத்தோடும் ஒரு மூட்டைப் புகார்களோடும் வந்து இறங்குவாள்.

பருத்திக்கொட்டையின் தோலை நீக்கி, உள்ளே இருக்கும் பருப்பைக் குறுக்கே வெட்டினால் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகளுக்குள் இருப்பதுதான் அந்த மஞ்சள். பூச்சி தின்னாமல் இருக்கச் செடி தனக்காகச் செய்துகொண்ட விஷம் அது என்பார் அண்ணன். பிழிந்த எண்ணெயிலிருந்து அதை நீக்கி நிறத்தைத் தெளியவைப்பதுதான் ஆலையில் அவருடைய வேலை. நன்றாக வெந்துவிட்டால் அதன் வீரியம் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால்தான் பருத்திப்பாலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறோம். மாட்டின் வயிறும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஆலைக் காவல்காரர் வளர்த்த கோழிகள், கீழே சிந்திய பச்சைப் பருப்புத் தூளைக் கொத்தித் தின்று ஒவ்வொன்றாகச் சுருண்டன. அவை கடைசியாக இட்ட முட்டை ஒன்றை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்துக் காட்டினார். மஞ்சள் கரு இருக்க வேண்டிய இடத்தில், தேங்கிய குளத்துப் பாசி நிறத்தில் ஒன்று இருந்தது. மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். அதன் பிறகு பல வாரங்கள் அந்த வீட்டில் யாரும் முட்டை சாப்பிடவில்லை.

மதினிக்குச் சொந்த ஊர் தாடிக்கொம்பு. பூ விவசாயம் செய்த குடும்பம். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, முழம் முழமாகத் தொடுத்துத் தள்ளிவிடுவார். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். திருமணமான மறு வருடம் ஒரு கரு தங்கி மூன்றாம் மாதமே கலைந்தது. அந்தத் துக்கத்தைக்கூட ஒரு வாரத்தில் உதறிவிட்டு எழுந்தவர். அவரைப் பயந்து நான் பார்த்ததே இல்லை, அறுபதுகளின் நடுவில் வந்த அந்தப் பங்குனி வரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் மேல்புறம் வைத்தார். புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. அழுத்தினால் நழுவவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிச்சாத்தேன் பரவாயில்லையே" என்றார். பிறகு என் கையை விடாமலே, "ஒங்கண்ணன்கிட்ட சொல்லிராத. எங்க பெரியம்மாவுக்கு இப்பிடித்தேன் வந்துச்சு. அறுத்தாக. அறுத்த மூணாம் மாசமே அம்புட்டு எடத்துக்கும் பரவி, கத்திக் கத்தியே செத்துச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் சொல்லவில்லை. விஞ்ஞானம் கற்றுக்கொடுக்கிறவள், செல் பிரிவதைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்து காட்டுகிறவள், வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கவில்லை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும் என்று வகுப்பில் சொல்லும்போதே சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். ஒவ்வொரு ஞாயிறும் மதினி என் கையை எடுத்து அங்கே வைப்பார். "பெருசாகலேல்ல?" என்பார். "இல்ல மதினி" என்பேன். புளியங்கொட்டை புன்னைக்கொட்டை ஆகியிருந்தது. அன்றைக்கு நான் சொன்ன அந்த இரண்டு சொல் பொய், என் வாழ்நாளில் நான் சொன்ன மற்ற எல்லாப் பொய்களையும்விடக் கனமானது. கடைசியில் பயம் தாங்க முடியாமல் ஒரு காலையில், ஆலைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த அண்ணனைத் தெருமுனையில் நிறுத்திச் சொல்லிவிட்டேன். அவர் சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் போனார்.

டவுனில் இருந்த லேடி டாக்டர் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறினார். மதுரைக்குப் போய் உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் ஆபத்து என்றார். மதினி மாட்டேன் என்றார். அண்ணன் கெஞ்சினார், கோபப்பட்டார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மதினியின் அண்ணன்மார் வந்து பேசிப் பார்த்தார்கள். "என்னையத் தூக்கிட்டுப் போயி மேசையில கெடத்துனீகன்னா, அங்கனயே நாக்கப் புடுங்கிக்கிட்டுச் செத்துருவேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் புத்தகங்களில் இறங்கினார். விடுமுறை நாளில் மதுரைக்குப் பஸ் ஏறிப்போய்க் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தடித்த தொகுதிகளைப் புரட்டிவிட்டு, கண் சிவந்து வருவார். வெளிநாட்டில் எங்கோ, கட்டி வந்த எலிகளிடம் இந்தப் பருத்திக்கொட்டை மஞ்சளைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எதிலோ படித்திருந்தார். தன் கையில் தினமும் ஒட்டுகிற சாமான், கழுவிக் கழுவிக் கால்வாயில் விடுகிற சாமான். அது அவரைப் பிடித்துக்கொண்டது. நான் பயந்ததும் அன்றிலிருந்துதான். பாசி நிறத்து முட்டை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒரு நாள் மதியம் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது என்னை இன்ஜின் கொட்டகைக்குள் அழைத்துப்போனார். இன்ஜினின் சக்கரத்திலிருந்து எண்ணெய் பிழியும் யந்திரத்துக்கு ஒரு நீளமான தோல் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு மரத்தடியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை ஓரமாகத் தள்ளிக் கழற்றிவிட்டார். பாரம் விட்டுப்போன இன்ஜின் வெறிபிடித்தது போல் உறுமிக்கொண்டு வேகமெடுத்தது. பிழியும் யந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

"இன்ஜின் நின்னுபோச்சா, பாப்பா?"

"இல்லண்ணே. முன்ன இருந்ததவிட வேகமால்ல ஓடுது."

"எண்ண வருதா?"

"வரல."

"அதேன். டீசல் எரியுது, பொகை வருது, சூடு வருது. வேல மட்டும் நடக்கல. செல்லுக்குள்ளயும் இப்பிடித்தேன். திங்கிற சக்கரைய எரிச்சு, அந்தச் சூட்டப் பலமா மாத்துற எடத்துல ஒரு பெல்ட்டு இருக்கு. இந்த மஞ்ச போயி அதக் கழட்டி விட்டுருதுன்னு நெனைக்கிறேன். கட்டி எரிஞ்சுக்கிட்டே பட்டினி கெடக்கும். பட்டினி கெடந்தா வளர முடியாதுல்ல?"

அந்த உறுமலுக்கு நடுவே நான் கத்திக் கேட்டேன்: "நல்ல செல்லுலயும் அந்தப் பெல்ட்டு இருக்குமேண்ணே?"

அண்ணன் இன்ஜினை அடக்கச் சொல்லிவிட்டு, பெல்ட்டைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார். சோற்றைத் தின்று முடித்துக் கை கழுவும்போதுதான் பேசினார். ஓயாமல் வளர்கிற கட்டிக்குப் பசி அதிகம், அதிகப் பசி உள்ளவன்தான் முதலில் விழுவான் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் அவரே படித்த இன்னொரு விஷயம் அந்த நம்பிக்கையை அரித்துக்கொண்டிருந்தது. புற்றுச் செல் நம்முடைய மற்ற செல்களைப் போல் காற்றைச் சேர்த்துச் சர்க்கரையை முழுதாக எரிப்பதில்லை, மாவைப் புளிக்க வைப்பது போல் அரைகுறையாகப் புளிக்க வைத்தே பெரும்பாலும் பிழைக்கிறது என்று அந்நாளில் பல விஞ்ஞானிகள் சொல்லிவந்தார்கள். அப்படியானால் பெல்ட்டைக் கழற்றினால் முதலில் பட்டினியாகப் போவது யார்? கட்டியா, இதயமா? "எனக்குத் தெரியல, பாப்பா" என்றார். என் அண்ணன் ஒரு விஷயம் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. 

இருந்தும் அவர் அதைத் தயாரித்தார். பச்சைப் பருப்பை இடித்து, ஈதரில் ஊறவைத்து வடித்து, வினிகரில் இருக்கும் புளிக்காடி அமிலம் விட்டுப் படியவைத்து, கடைசியில் ஒரு சின்ன பிரவுன் பாட்டிலில் மகரந்தம் போன்ற மஞ்சள் பொடியாக வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மதினியிடம் எதையும் மறைக்கவில்லை. இன்னது, இதில் இன்ன ஆபத்து என்று சொன்னார். மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதத் தின்னா அறுக்க வேணாமா?" அண்ணன், "பாப்போம்" என்றார். அடுத்த திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்றார். திங்கட்கிழமை வந்தது, அடுத்த வாரம் என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். ஆனால் பாட்டிலில் பொடி குறைந்துகொண்டே வந்தது. அதை நான் தினமும் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

மதினிக்குத் தெரியாமல் மோரிலோ குழம்பிலோ கலந்து கொடுக்கிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் நான் வாழ்ந்தது மனிதர்கள் வாழ்கிற வாழ்க்கை இல்லை. மதினி வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தேன். அவர் தண்ணீர் குடம் தூக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தின் நிறம் கொஞ்சம் மாறியிருந்தாலும் நான் முதலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவர் மத்தியானம் சற்று நேரம் அசந்து தூங்கினால், மார்பு ஏறி இறங்குகிறதா என்று வாசற்படியில் நின்று பார்ப்பேன். அண்ணனிடம் நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். மதினியோ நன்றாகத்தான் இருந்தார். சிரிப்பு மட்டும் குறைந்திருந்தது.

மதினியை இப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அண்ணன் தெரியவே இல்லை. இன்றைக்கு யோசித்தால் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. அவர் பாதிச் சோற்றில் எழுந்துகொண்டது. இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட்டைத் துளைபோட்டு இறுக்கிக் கட்டியது. மூன்று தெருத் தூரம் சைக்கிள் மிதித்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தது. காய்ச்சல் இல்லாமலே சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கவலையில் இளைக்கிறார் என்று நினைத்தேன். மதினியும் அப்படித்தான் நினைத்தார்.

ஆவணி மாதம், ஒரு விடுமுறை நாள். மதியம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்ட அண்ணன், கை கழுவ எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார். கையும் மடங்கிக்கொண்டது. முகத்தில் வலி எதுவும் இல்லை. வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. "காலு வர மாட்டேங்குது" என்றார், யாருடைய காலையோ பற்றிச் சொல்வது போல. மதினி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். துணி மூட்டை சரிவது போல் அவர் மதினியின் மேலேயே சரிந்தார். அவருடைய இதயம் தாறுமாறாக அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. நான் ஜட்கா பிடிக்கத் தெருவில் செருப்பில்லாமல் ஓடினேன்.

வண்டிக்குள் அவர் தலை மதினியின் மடியில் இருந்தது. நான் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மதினி விடாமல் கேட்டார்: "என்ன தின்னீக? எங்கிட்ட சொல்லுங்க. வெளிய என்ன தின்னீக?" அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அலமாரியில இருக்குறதத்தேன். ஒனக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மனுசன் ஒடம்பு எம்புட்டுத் தாங்கும்னு பாக்க வேணாமா?"

மதினி உடனே அழவில்லை. கோட்டைமலை வெயிலில் கனன்றுகொண்டிருந்த அந்தத் தெருவில், வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அலறினார்: "நான் கத்திக்குப் பயந்தா நீங்க வெசத்தத் திம்பீகளா? எந்த ஊரு நாயம் இது?" பிறகு அண்ணனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "பாப்பா, ஒங்கண்ணன் பொழைச்சு எந்திரிக்கட்டும். நான் மதுரைக்கு வாரேன். அறுத்துக்கட்டும்."

அவர் பிழைத்தார். உடம்பிலிருந்து உப்புச் சத்து ஒன்று சிறுநீரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது, அதனால்தான் சதைகள் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னார். ஊசி, பாட்டில் மருந்து, பிறகு வாரக்கணக்கில் இளநீர். மதினியே காய் சீவி ஊட்டினார். அண்ணன் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய அன்றே மதினி, "நாளைக்குக் கெளம்புவோம்" என்றார். மதுரையில் அறுவை முடிந்து, மெட்ராஸுக்குப் போய், கரண்டு வைப்பது என்று எல்லோரும் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடித்துக்கொண்டு, தை மாதம் வீடு வந்து சேர்ந்தோம். மேசையில் படுத்தபோது பயமாக இருந்ததா என்று கேட்டேன். "ஒங்கண்ணன் தட்டுக்கு முன்னால எந்திரிக்க முடியாமக் கெடந்தாருல்ல, அதப் பாத்த பெறகு எனக்கு வேற எதுவும் பயமில்ல" என்றார். அந்தப் பயம் முழுக்க எனக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறை அவர் சோதனைக்குப் போய்விட்டுத் திரும்பும்வரை நான் பள்ளியில் எதை எழுதினேன், எதை அழித்தேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து ஆண்டுகள் அப்படிப் போயின. கட்டி திரும்பவில்லை.

திரும்பாத கட்டிக்குப் பதிலாக வேறொன்று வந்தது. அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அம்மாவின் மூட்டையில் சோளம் குறைந்து புகார் கூடியது. "கரண்டு வச்ச ஒடம்பு. வெந்த மண்ணுல எங்கிட்டு வெத மொளைக்கும்?" என்று மதினியின் காதுபடவே சொல்வாள். மார்பில் வைத்த கரண்டுக்கும் கருப்பைக்கும் சம்பந்தமில்லை என்று லேடி டாக்டர் ஒரு முறை எடுத்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? வளைகாப்புக்கு அழைத்த வீடுகளில் மதினியைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அண்ணனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்க, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக்கூட அம்மா பார்த்து வைத்தாள். மதினியே அண்ணனிடம் அந்தப் பேச்சை எடுத்தாராம். அண்ணன் அம்மாவைப் பார்த்து, "இனிமே இந்தப் பேச்சு பேசுறதா இருந்தா இந்த வீட்டுக்கு வராத" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. மதினியும் எந்தப் பேச்சுக்கும் ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை. எனக்குத் திருமணமாகி நான் மதுரைக்குப் போகும்வரை அந்த வீட்டின் மௌனம் அப்படியே இருந்தது.

வெகு காலம் கழித்து, நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில், ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் அந்த மஞ்சளைப் பற்றிப் படித்தேன். புற்றுச் செல்லின் ஆற்றல் உற்பத்தியை அது குலைப்பது உண்மைதான். அதை மருந்தாக்க இன்னும் முயல்கிறார்கள். ஆனால் நல்ல செல்லுக்கும் கெட்ட செல்லுக்கும் நடுவே அது போதுமான அளவு வித்தியாசம் பார்ப்பதில்லை. இன்ஜின் கொட்டகையில் நான் கத்திக் கேட்ட கேள்விக்கு உலகம் அத்தனை வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தது. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. சீன தேசத்தில், சரியாகக் காய்ச்சாத பருத்திக்கொட்டை எண்ணெயைச் சாப்பிட்ட ஊர்களில் ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போனதாம். அந்த மஞ்சள் ஆணின் விந்தணுக்களின் ஓட்டத்தை நிறுத்திவிடுமாம். சிலருக்கு அது திரும்பி வராதாம். பத்திரிகையை மூடி வைத்தேன். 

அண்ணன் உயிரோடு இருந்தவரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் போன பிறகும் சில வருடங்கள் சொல்லவில்லை. மதினியிடம் சொன்னால் என்ன ஆகும்? ஊர் முழுக்கத் தன் தலையில் போட்ட பழி தன்னுடையது இல்லை என்று எண்பது வயதில் ஒருவர் தெரிந்துகொண்டு என்ன செய்வார்? போன சித்திரையில், அவரோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன்.

மதினி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும், பாப்பா. ஒங்க பள்ளிக்கொடத்துல ஒரு பூதக்கண்ணாடி இருந்துச்சுல்ல? ஒரு சனிக்கெழம ஒங்கிட்டச் சாவி வாங்கிட்டுப் போனாரே. அதுல வச்சுப் பாத்துட்டு வந்து, இந்த நடையிலதேன் ஒக்காந்து அழுதாரு. ஒண்ணுகூட ஓடலன்னாரு. ரெண்டு வருசம் விட்டு மறுபடி பாத்தாரு. அப்பவும் அப்பிடித்தேன்."

பள்ளி ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பைத்தான் சொல்கிறார்; சாவி கொடுத்தது எனக்கு நினைவு வந்தது. ஆலைக்கு ஏதோ பார்க்க வேண்டும் என்றார், கொடுத்தேன்.

"அம்மாகிட்டச் சொல்லிர்றேன்னு சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்புனாரு. நாந்தேன் கையப் பிடிச்சு நிறுத்துனேன். எனக்காகத் தின்னவரு. அந்தப் பேர அவருக்கு வாங்கிக் குடுக்கவா? எனக்குத்தேன் ஏற்கெனவே ஒரு பேரு இருந்துச்சே. அதோட இதுவும் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

 அம்மா அவரை அப்படியெல்லாம் பேசியிருக்கக் கூடாது என்று மட்டும் எப்படியோ சொன்னேன். மதினி ஒரு பழுத்த இலையைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

"அத்தை பேசுனதெல்லாம் எனக்குப் பெருசாத் தெரியல. அது பேசும், அழும், மறந்துரும்." இன்னொரு கீரைத் தண்டை எடுத்தார். "நீயும் ஒரு நா சொன்ன, பாப்பா. அடுப்படியில, அத்தைகிட்ட. நான் கொல்லையில துணி ஒணத்திக்கிட்டு இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காப்பி போடட்டுமா என்று உள்ளே இருந்து கேட்டார்.

அந்த நாளை எவ்வளவு தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொன்னேனா, அண்ணனுக்கு ஒரு வாரிசு வேண்டாமா என்று கேட்டேனா, அதைவிடக் கொடிய எதையேனும் சொன்னேனா, தெரியவில்லை. அந்த அடுப்படியில் நின்ற அம்மா இப்போது இல்லை. நான் சொன்னது என்ன என்று அறிந்தவர் இந்த உலகத்தில் இனி ஒருவர்தான். மாதம் ஒரு முறை திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுகிறேன். இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போகிறேன். கதவைத் திறந்து, "வா பாப்பா, சாப்டியா?" என்று அவர் என் கையைப் பிடிக்கும்போது, கேட்கப் பயமாக இருக்கிறது.